ரெண்டடி, மூணடி, ஒரு மீசை

தியேட்டரை விட்டு வெளியே வந்ததும் ஒரு பெண் மைக்கை நீட்டினாள்.

"படம் எப்படி இருக்கு சார்?"

"இருக்கு" என்றேன்.

அவ்வளவுதான். புதுக்கோட்டையில் பஸ் ஏறிக் கந்தர்வக்கோட்டைக்கு வந்துவிட்டேன்.

என் மனைவி ஷர்லி இறந்து பதினோரு மாதம். எப்படி இருக்கீங்க என்று எல்லாரும் கேட்கிறார்கள். இருக்கேன் என்கிறேன். கேட்பவர்களுக்கும் அது போதுமாக இருக்கிறது. அன்றைக்கு அதே பதில் படத்துக்கும் வந்துவிட்டது.

படம் 'ரெண்டடி ராசா 2'. ராசா ரேஷன் கடையில் எடை போடுகிறவன். அவனுக்குப் பறக்கும் சக்தி உண்டு. ஆனால் தரையிலிருந்து ரெண்டடிக்கு மேல் போக மாட்டான். ஐந்து வருடத்துக்கு முன்பு வந்த முதல் பாகத்தை நானும் ஷர்லியும் மூன்று முறை பார்த்தோம். இரண்டாம் பாகம் வந்ததால் போனேன். என்ன ஓடியது என்று கேட்டால் தெரியாது.

திங்கட்கிழமை காலை என் இ-சேவை மையத்துக்கு மூன்று பேர் வந்தார்கள். ரசிகர் மன்றத் தலைவர் திருமுருகன், செயலாளர் நாகராசு, மைக் நீட்டிய பெண் சிவரஞ்சனி. திருமுருகனுக்குக் கன்னம்வரை போய்த் திரும்பும் மீசை. அதைத் தடவிக்கொண்டே உட்கார்ந்தான்.

"அண்ணே, நீங்க சொன்ன 'இருக்கு'க்கு என்ன அர்த்தம்?"

"ஏன்?"

சிவரஞ்சனி சொன்னாள். "இவரு லைவ்ல சவால் விட்டுட்டாருண்ணே. மொத நாள் பாத்தவங்கள்ல ஒருத்தர் நல்லா இல்லேன்னு சொன்னாலும் மீசைய எடுத்துடுறேன்னு. நானூத்திப் பன்னெண்டு பேர்கிட்ட கேட்டாச்சு. எல்லாரும் சூப்பர். நீங்க மட்டும்தான் இருக்கு."

"வியாழக்கெழம எனக்குக் கல்யாணம்ணே" என்றான் திருமுருகன். "பொண்ணு திருவரங்குளம். மீசையப் பாத்துத்தான் சம்மதிச்சாங்க."

"யாரு, பொண்ணா?"

"பொண்ணோட மாமா."

நாகராசு சிரித்தான். "இருக்குன்னா, இருந்து தொலையுதுன்னு அர்த்தம். எடுறா மீசைய."

"போடா. சரக்கு இருக்குன்னு அர்த்தம்."

"இல்லண்ணே." சிவரஞ்சனி போனில் வீடியோவை மெதுவாக ஓடவிட்டாள். "கடைசியில 'க்கு' கீழ எறங்குது பாருங்க. பாராட்டுன்னா மேல ஏறும்."

என் குரலை ஆறு முறை கேட்டோம். ஒவ்வொரு முறையும் இறங்கியது.

"எனக்குப் படம் ஞாபகம் இல்ல" என்றேன்.

"பாக்காமயா கருத்துச் சொன்னீங்க?" என்றாள் சிவரஞ்சனி.

"கருத்துச் சொல்லல. பதில் சொன்னேன்."

மூவரும் வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். நான் மறுபடி படம் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டுச் சொல்வதுதான் முடிவு. மையத்தைப் பூட்டினேன்.

மதியக் காட்சி. ஒரு பக்கம் திருமுருகன், இன்னொரு பக்கம் நாகராசு, அவனுக்கு அடுத்து சிவரஞ்சனி. படத்தைவிட அவர்கள் அதிகம் பேசினார்கள். இந்தப் பாகத்தில் ராசா மூணடி பறக்கிறான். மன்றம் அதில்தான் உடைந்திருந்தது.

"ரெண்டடின்னா அது தத்துவம்" என்றான் நாகராசு. "மூணடின்னா வெறும் உயரம்."

"ஒரு மனுசன் அஞ்சு வருசத்துல ஒரு அடி முன்னேறக் கூடாதா? நீ அஞ்சு வருசமா அதே சட்டையப் போட்டுக்கிட்டுத் திரியுறேன்னா எல்லாரும் திரியணுமா?"

"மூணடியில கைலிக்கு அடியில எல்லாம் தெரியுதுடா. குடும்பத்தோட எப்புடிப் பாக்குறது?"

பின்வரிசையில் ஒருவர், "தம்பிகளா, நாலாவது அடிய வெளியில போயி அளங்க" என்றார்.

நான் திரையைப் பார்த்தேன். ராசா வீட்டுக்கு வந்தான். அதே வீடு. அதே பச்சைக் கதவு. ஒரு பெண் தோசை வைத்தாள். ராசா அவளை "ஏம்மா" என்று கூப்பிட்டான். அவள் அமிர்தவல்லி இல்லை. முதல் பாகத்தில் அமிர்தவல்லிதான் அவன் மனைவி. காற்றடித்தால் அவன் மிதந்து போய்விடாமல் கைலி நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடப்பாள்.

"அமிர்தவல்லி எங்க?" என்றேன்.

"யாரு?"

"முதல் பாகத்துப் பொண்டாட்டி."

"ஓ, அந்த நடிகைக்குக் கால்ஷீட் கெடைக்கலண்ணே."

"அது நடிகைக்கு. அமிர்தவல்லிக்கு என்ன ஆச்சு?"

திருமுருகன் நாகராசுவைப் பார்த்தான். நாகராசு பின்வரிசையைப் பார்த்தான்.

"அத்துவிட்டிருப்பான்" என்றான் நாகராசு.

"அப்பா வீட்டுக்குப் போயிருக்கும்" என்றார் பின்வரிசைக்காரர். "திருவிழாவுக்கு."

"அஞ்சு வருசமாவா?" என்றாள் சிவரஞ்சனி.

பிறகு யாரும் அடியைப் பற்றிப் பேசவில்லை. படம் முடியும்வரை சுவரில் ஒரு போட்டோவாவது இருக்கிறதா என்று தேடினோம். காலண்டர்தான் இருந்தது.

வெளியே சிவரஞ்சனி மைக்கை நீட்டினாள். திருமுருகன் தூணோரமாக மீசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ரெண்டு வார்த்தை.

"படம் எப்படி இருக்கு சார்?"

"நல்லா இல்ல."

"ஏன் சார்?"

"ஒரு பொண்டாட்டி இல்லாமப் போனா யாராவது ஒருத்தர் கேக்கணும். அந்தப் படத்துல யாரும் கேக்கல."

சலூனுக்கு நானும் போனேன். முடிவெட்டுபவர் மூன்று முறை, "தம்பி, யோசிச்சுக்க" என்றார்.

"ஒரு நாலு நாள் கழிச்சுச் சொல்லியிருக்கலாம்ணே" என்றான் திருமுருகன். கோபமாகச் சொல்லவில்லை.

"அதுக்குள்ள படத்தத் தூக்கியிருப்பாங்க" என்றான் நாகராசு.

மீசை போனது. அடியில் வேறு ஒரு ஆள் இருந்தான். பத்தொன்பது வயசு சொல்லலாம்.

வியாழக்கிழமை திருவரங்குளத்துக்குப் போனேன். மண்டப வாசலில் பெண்ணின் மாமா திருமுருகனைக் கையால் ஒதுக்கினார்.

"தம்பி, மாப்பிள்ள வார வழி. அங்கிட்டு நில்லு."

"நாந்தான் மாமா மாப்பிள்ள."

மாமா வாசல் பேனரைப் பார்த்தார். பேனரில் மீசை இருந்தது. "ஒன் அண்ணன் எங்கப்பா?"

"எனக்கு அண்ணனே இல்ல மாமா!"

"ஆள மாத்திட்டாங்க" என்று அவர் சத்தம் போட்டார். நாற்காலிகள் நகர்ந்தன. சமையல்காரர்கூடக் கரண்டியோடு வந்தார். நாகராசு வீடியோவைக் காட்டினான். அதில் நான்தான் வந்தேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

பெண் பிரகதீஸ்வரி மாலையோடு வாசலுக்கே வந்துவிட்டாள். திருமுருகனை மேலிருந்து கீழே பார்த்தாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"அமிர்தவல்லி எங்கேன்னு கேட்டது நீங்களாண்ணே?"

"ஆமா."

"நானும் போன வாரமே போன்ல இவருகிட்டக் கேட்டேன். அதெல்லாம் யாரு பாக்குறான்னாரு." திரும்பி அவனிடம் சொன்னாள். "பொண்டாட்டி மாறுனது தெரியாத ஆளுக்கு எதுக்குங்க மீச? உள்ள வாங்க, நேரமாச்சு."

திருமுருகனின் கை மீசையை முறுக்க மேலே போனது. அங்கே ஒன்றும் இல்லை. இரண்டு விரலும் காற்றை முறுக்கின.

நான் சிரித்துவிட்டேன். சத்தமாகத்தான் சிரித்திருக்க வேண்டும். நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.