இரண்டுக்கும் ஆகும் பெட்டிகள்

“ஒங்க தங்கச்சி கொரலுதானே அது?”

“ஆமாங்க தலைவரே. பொட்டி நான் வாங்கிக் குடுத்தது. எவ்வளவு தெளிவா அழுவுது பாருங்க.”

“பேஸ் சத்தம் கொஞ்சம் கூடுதலா இல்ல?”

“கொறச்சிருவோம்.”

1994இல், கஹவத்தைக்கு மேலேயுள்ள ரப்பர் தோட்டத்தின் மூன்று பிரிவுகளில் ஒன்றான கீழ்க்கணக்கில், மாரியம்மன் திருவிழாவில் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் கலைச்செல்வியின் அழுகை ஸ்பீக்கரில் வந்தது. அப்போது அவள் பெண்கள் பக்கத்தில், மடியில் அர்ச்சனைத் தட்டோடு, வாயை மூடி உட்கார்ந்திருந்தாள். பேசிக்கொண்டவர்கள் தோட்டத் தலைவரும் அவளுடைய அண்ணன் நல்லையாவும்.

அந்த இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும் அவளுடைய சீதனம். வீட்டில் மெதுவாகப் பாட்டுக் கேட்கவும் கோயிலில் ஊருக்கே போடவும் இவையே போதும் என்று மாவனல்லைக் கடைக்காரர் முக்தார் சத்தியம் செய்து கொடுத்திருந்தார். அவர் பொய் சொல்லவில்லை. மழையால் பால்வெட்டு நின்ற நாள்களில் அவை அவளுடைய ஒற்றையறைக் காம்பராவில் வானொலி நாடகத்தை மெல்லச் சொல்லின. அங்கே நடந்ததையும் கேட்டு வைத்துக்கொண்டன. வெளியே தூக்கிக் கட்டியதும் கேட்டதையெல்லாம் சொல்லின. புருஷன் ஐயாவு அவளை அடிப்பது கல்யாணமான வாரத்திலிருந்தே லயத்தின் வரிசை வீடுகள் முழுக்கக் கேட்டதுதான், ஏனென்றால் லயத்துச் சுவர்கள் கூரைவரை எட்டுவதில்லை. யாரும் கதவைத் தட்டியதில்லை. பெட்டியில் வந்தபோதுதான் பாய் கொண்டுவந்து விரித்து உட்கார்ந்து கேட்டார்கள்.

ஐயாவு முதல் வருடம் வெட்கப்பட்டான். அடுத்த வருடம் பக்கத்துத் தோட்டங்களும் அந்தப் பெட்டிகளையே கேட்டு வந்தன. மற்றவர்களின் பெட்டிகளில் வெறும் பாட்டுத்தான் வருகிறது என்றார்கள். அதன்பின் திருவிழாக் காலம் நெருங்கினால் அவன் பெட்டிகளின் மேலிருந்த துணியை எடுத்து மடித்து வைத்துவிட்டு அடிக்கத் தொடங்கினான். கொடகவெலயில் ஒரு சிங்களக் கல்யாணத்தில் வார்த்தை விளங்காமலே அதற்கு ஆடினார்கள். சத்தம் நன்றாக இருக்கிறதென்று, “சத்தே ஹொந்தாய்,” என்றபடி மாப்பிள்ளையின் தகப்பன் ஐயாவுக்குச் சாராயம் ஊற்றினார்.

கலைச்செல்வி ஒரு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு சத்தமில்லாமல் இருந்து பார்த்தாள். பெட்டிகள் அடிகளை மட்டும் சொல்லின. தப்படிப்பவர்கள் அதற்குத் தாளம் பிடித்தார்கள். பிறகு அவளுக்கு ஒன்று தோன்றியது. அண்ணனிடம் நேரில் கேட்டபோதெல்லாம், பொழைக்கிற பொம்பளை வீட்டை விட்டு வரமாட்டாள் என்று திருப்பி அனுப்பியிருந்தான். ஊர் கூடிய இடத்தில் கேட்டால் மறுக்க மாட்டான். திருவிழாவுக்கு முதல்நாள், ஐயாவு பால்வெட்டப் போயிருந்த நேரம், பெட்டியின் கம்பிவலையில் உதட்டை வைத்து, சொல்ல வேண்டியதைச் சொன்னாள். அழவில்லை.

மறுநாள் தேர் கிளம்பும் முன் அது மூன்று கணக்குக்கும் கேட்டது. ரப்பர் மரங்கள் மிச்சமிருந்த இலையையும் உதிர்த்தன. நல்லையா எழுந்தான். கலைச்செல்வி குவியலில் தன் செருப்பைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டாள். அவன் நேரே அம்ப்ளிஃபயரிடம் போய், ஒரு திருகைச் சற்றுத் திருப்பி, காதைச் சாய்த்துக் கேட்டான். “இப்ப சரி,” என்றான். பிறகு வந்து உட்கார்ந்துகொண்டான்.

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. 2003இல், மழை விடாத ஒரு வாரத்தில், காய்ச்சலில் இறந்தாள். பிள்ளை இல்லாததால் சீதனம் வழக்கப்படி அண்ணன் வீட்டுக்குத் திரும்பியது. பெட்டிகள் மற்ற எல்லாவற்றையும் மறந்து அந்த ஒரு வார்த்தையை மட்டும் வைத்திருந்தன. நல்லையாவின் மனைவி ஜெயம்மா அதைக் கேட்டுக்கொண்டே ரொட்டி தட்டப் பழகினாள். பேரப்பிள்ளைகள் அதைப் பாட்டுக்கு நடுவே வரும் விளம்பரம் என்று நினைத்து ஒப்பித்தார்கள். 2009இல் நல்லையாவின் கடைசி மகள் கல்யாணத்துக்குப் பெட்டிகளை வாசலில் கட்டினார்கள். பந்தியில் இரண்டாவது சோறு பரிமாறும்போது பாட்டு முடிந்தது. நல்லையா கறிவாளியோடு இலை இலையாகப் போய்க்கொண்டிருந்தான்.

“அண்ணே, ஒரு தடவ வந்து என்னயக் கூட்டிட்டுப் போங்க.”