என் வீட்டு ரோமாபுரிக்காரர்

எங்கள் வீட்டில் அரிசி முடிந்துபோன நாள் உண்டு, ரோமாபுரி முடிந்துபோன நாள் கிடையாது. என் புருஷன் உதயரூபன் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குக் கிரேக்க உரோம நாகரிகம் படிப்பிக்கிறவர். படிப்பித்ததை வகுப்பிலேயே விட்டுவிட்டு வந்தால் என்ன? வரமாட்டார். சோற்றில் கை வைத்ததும் தொடங்கிவிடுவார்.

அதிலும் குளோடியர் குடும்பம் என்றால் மனுஷனுக்கு உயிர். ரோமில் அவர்கள் பிரபுக்களிலும் பெரிய பிரபுக்களாம். கடற்சண்டைக்குப் போன ஒருவன், சகுனம் பார்க்கும் கோழிகள் இரை எடுக்கவில்லை என்றதும், தின்னாவிட்டால் குடிக்கட்டும் என்று அவற்றைத் தூக்கிக் கடலில் எறிந்தானாம். சண்டையில் தோற்றும் போனானாம். "திமிரப் பாத்தியா புள்ள! பரம்பரை எண்டா அது" என்று விழுந்து விழுந்து சிரிப்பார். எனக்குக் கோழிகளை நினைத்துத்தான் பாவமாக இருக்கும்.

அந்தக் குடும்பத்தில் பிந்திப் பிறந்த குளோடியஸ் என்ற ஒருவன்தான் இவருடைய செல்லப்பிள்ளை. சீசரின் வீட்டில் பெண்கள் மட்டும் கூடிய பூசைக்குள் பெண் வேஷம் போட்டுக்கொண்டு நுழைந்து பிடிபட்டவன். சீசரின் மனைவிக்காகத்தான் வந்தான் என்று ஊர் கதைத்தது. அவள் பிழை விட்டாளோ இல்லையோ, சந்தேகம் வந்ததே போதும் என்று சீசர் அவளைத் தள்ளிவைத்துவிட்டானாம்.

"பொஞ்சாதிக்கு மட்டுமா அந்தச் சட்டம்? புருஷனில சந்தேகம் வந்தா ஆரத் தள்ளிவைக்கிற?" என்று கேட்டேன்.

மனுஷன் மீன்முள் எடுப்பதில் மும்முரமாகிவிட்டார்.

நான் சும்மா கேட்கவில்லை. இவருக்கு வெள்ளிக்கிழமைகளில் புளியந்தீவில் வகுப்பு. முடித்துக்கொண்டு நேரே களுவாஞ்சிக்குடிப் பக்கம் வரவேண்டிய மோட்டார் சைக்கிள், வழியில் கல்லடியில் ஒரு வீட்டு வாசலில் நிற்பதை என் தம்பி நிலோஜன் கண்டிருக்கிறான். ஒரு தரம் அல்ல, பல தரம். இவர் கையில் ஒரு பை நிறைய வாவி நண்டு வேறு. என் அடுப்பில் நண்டு வெந்து எத்தனை நாள்!

அது இலட்சுமிப்பிள்ளைப் பெரியம்மாவின் வீடு. எங்கள் பக்கம் குடி என்பது தாய் வழியில் வரும் குலம். அவர் என் குடி, எனக்குப் பெரியம்மா முறை. பெரியம்மாவுக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது, அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. மகள் ஆர்த்திகா இருக்கிறாளே! புருஷனை விட்டுவிட்டுத் தாய் வீட்டோடு வந்திருக்கிறாள். ஆள் நல்ல வடிவு, பொய் சொல்லக் கூடாது.

"அத்தானிட்ட நீயே கேள் அக்கா" என்று நிலோஜன் நழுவப் பார்த்தான். அவனுக்கு அவன் கவலை. எங்கள் ஊர்க் கோயிலில் ஒவ்வொரு குடிக்கும் ஒரு வண்ணக்கர் உண்டு. கோயில் காரியம் எல்லாம் அவர்கள் கையில்தான். எங்கள் குடி வண்ணக்கர் காலமாகிவிட்டார். அடுத்தது நிலோஜன் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அத்தானும் தனக்காக ஒரு வார்த்தை சொன்னால் நல்லது என்று நினைத்திருந்தான். அத்தான் வேறு குடி, பெரிய குடி. அங்கே வண்ணக்கராவதற்கு இவருக்கு முன்னால் ஒரு படையே வரிசையில் நின்றது.

அன்று பின்னேரம் கிணற்றடிப் பக்கம் நின்று இவர் தொலைபேசியில் குசுகுசுத்தது என் காதில் விழுந்தது. "ஒருத்தருக்கும் இப்ப சொல்லாதீங்க. சுலோஜனாக்குத் தெரிஞ்சா எல்லாம் கெட்டுரும்."

சுலோஜனா நான்தான். அடுத்த நாளே பஸ் ஏறிக் கல்லடிக்குப் போனேன். பெரியம்மா உள்ளே நித்திரை. ஆர்த்திகா தேத்தண்ணீர் ஊற்றித் தந்தாள்.

"அத்தான் அடிக்கடி வாறாராம்?"

"ஓம் அக்கா. அம்மாட்டத்தான் வாறார். நண்டக் குடுத்துட்டு அம்மாட காலடியில இருந்து கதைப்பார். என்னை வெளிய போகச் சொல்லிருவார்."

எழுபத்தைந்து வயதுக் கிழவியோடு இவருக்கு என்ன இரகசியம்? கள்ளி, என்னமாய் நடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். தேத்தண்ணீரைக் குடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபம் நிறைந்திருந்தது. பெண்கள் பக்கத்தில் நான் இருந்தேன். தலைவர் எங்கள் குடியின் பெயரைச் சொன்னதும் நிலோஜன் எழும்பினான். அவன் வாயைத் திறக்கமுதல் என் புருஷனும் எழும்பினார். அதே நேரம் வாசலில் ஓட்டோ வந்து நின்றது. ஆர்த்திகா தாயைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தாள். கோயிலில் வைத்தா சொல்லப்போகிறார்கள்?

"எனக்கு முந்தி என்ர தாய்க்கு ரெண்டு பிள்ள தவறிப்போச்சு" என்று இவர் வகுப்பெடுக்கும் குரலில் தொடங்கினார். "நானாவது தங்கட்டுமெண்டு என்னைத் தவிட்டுக்கு வித்தவங்க. சுளகில தவிடு போட்டுக் குடுத்து வாங்கினவ இந்த இலட்சுமிப்பிள்ளை அம்மா. குடி தாய் வழிதானே? வாங்கின தாய் இந்தக் குடி. அப்ப நானும் இந்தக் குடி. வண்ணக்கர் பதவிய நான் கேக்கிறன்."

மண்டபம் சலசலத்தது. தவிட்டுக்கு விற்பதெல்லாம் எமனை ஏமாற்றச் செய்கிற வேலை. காலையில் விற்ற பிள்ளை பின்னேரம் பெற்றவளிடமே பால் குடிக்கும். அதை வைத்துக் குடி மாறினவனை நான் கேள்விப்பட்டதே இல்லை.

தலைவர் பெரியம்மாவிடம் கேட்டார். "ஓம், வாங்கினதுதான். நல்ல புள்ள. நண்டெல்லாம் கொண்டு வரும்" என்றார் பெரியம்மா.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. குளோடியஸ்! சாதாரண குடியில் பிறந்தவர்கள் மட்டும் வகிக்கக்கூடிய ஒரு பதவிக்கு ஆசைப்பட்டு, தன்னிலும் இளைய ஒருவனுக்குத் தத்துப்பிள்ளையாகிப் பிரபு குலத்தை விட்டு இறங்கியவன். எல்லாம் பேருக்குத்தான், தத்தெடுத்தவன் உடனேயே அவனை விட்டும்விட்டானாம். இதையும் வாயில் சோற்றோடு இவர் எனக்குச் சொல்லித்தான் இருந்தார்.

முதலில் எனக்கு வந்தது நிம்மதி, வெட்கமில்லாமல் சொல்கிறேன். ஆர்த்திகா இல்லை! பாவம் அந்தப் பிள்ளை, ஒரு தேத்தண்ணீரைக்கூட அவளிடம் வாங்கிக் குடிக்காமல் வந்தேனே. பிறகு நிலோஜனின் முகத்தைப் பார்த்தேன். சொந்த அத்தானே காலை வாரிவிட்டாரே என்று அவன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். அதற்குப் பிறகுதான் மற்றது என் தலையில் ஏறியது. எழும்பினேன்.

"தலைவர் ஐயா, எனக்கொரு விளக்கம் வேணும். நானும் இந்தக் குடிதான். ஒரே குடியில பிறந்த ஆணும் பொண்ணும் அண்ணன் தங்கச்சி, கலியாணம் முடிக்கக் கூடாது. அப்ப இவர் இப்ப எனக்கு என்ன முறை?"

மண்டபம் கொல்லென்று சிரித்தது. இவருடைய முகம் கறுத்துப்போனது.

"இது கோயில் காரியத்துக்கு மட்டும் புள்ள. வீட்டில நாம நாமதானே."

"கோயில்ல தங்கச்சி, வீட்டில பொஞ்சாதியா? சாமிக்கு முன்னுக்கு நிண்டு ஒண்டச் சொல்லுங்க."

"அதானே மாஸ்டர், ஒண்டச் சொல்லுங்க" என்று தலைவரும் சிரித்துக்கொண்டே கேட்டார்.

இவர் என்னைப் பார்த்தார். வண்ணக்கர்மார் இருக்கும் கதிரைகளின் வரிசையைப் பார்த்தார். திரும்பவும் என்னைப் பார்த்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"கொஞ்சம் யோசிக்க நேரம் தாங்க" என்றார்.

சிரிப்பு நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்த பெண்கள் என் முகத்தைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்தார்கள். நான் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். இன்னொருத்தியோடு போயிருந்தால் சண்டை பிடித்திருப்பேன், அவளுடைய கொண்டையைப் பிடித்திருப்பேன், ஒரு பாட்டம் அழுதும் தீர்த்திருப்பேன். ஒரு கதிரையோடு நான் எப்படிச் சண்டை பிடிப்பது?

மத்தியானம் நிலோஜன் தொலைபேசி எடுத்தான். தவிட்டுக் கதையை ஒருவரும் ஏற்கவில்லையாம். கூட்டம் அவனைத்தான் வண்ணக்கராக வைத்ததாம். அது முடிவான பிறகுதான் அத்தான், தான் விட்டுக்கொடுப்பதாகச் சொன்னாராம்.

கொஞ்ச நேரத்தில் இவர் வந்தார். "நான் விட்டுட்டன் புள்ள. நிலோஜனே இருக்கட்டும். எனக்கு நீதானே பெருசு."

இலை போட்டு, சோறு போட்டு, மீன் குழம்பு ஊற்றினேன். பொரியலும் வைத்தேன். இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்டேன். நாலு வாய் உள்ளே போனதும் மனுஷனுக்குத் தைரியம் வந்துவிட்டது.

"குளோடியஸிட பொஞ்சாதி புல்வியாவ உனக்குத் தெரியுமா? அவன் என்ன செஞ்சாலும் கடைசி வரைக்கும் அவன் பக்கம் நிண்டவ."

"கை கழுவுங்க" என்றேன்.

அவர் கை கழுவி வருவதற்குள், இவருடைய உடுப்புகளை முன்னமே மடித்து வைத்திருந்த பையை மோட்டார் சைக்கிளில் மாட்டி, கேற்றை அகலத் திறந்து வைத்தேன். சீதனமாக என் பெயருக்கு எழுதின வீடு, என் கேற்று. இவர் பையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

"தங்கச்சி வீட்டுக்கு வந்தவரச் சாப்பாடு குடுக்காம அனுப்பப்படாது, குடுத்துட்டன்" என்றேன். "போயிட்டு மறுகா வாங்க அண்ணே."