லண்டன் காரும் சந்தனப் பொட்டும்

"கம்பெனி பஸ்ல போறவன் பயணி கிடையாது, சரக்கு. தன் ஸ்டியரிங்கைத் தானே புடிச்சி வேலைக்குப் போறவன்தான் மனுஷன்."

என் அண்ணன் பென்னி இதை ஆரம்பாக்கம் நிறுத்தத்தில், கம்பெனி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தவர்களைப் பார்த்து, கொஞ்சமும் சிரிக்காமல் சொன்னான். அவன் பின்னால் புதிதாக வாங்கிய பழைய கார் உறுமிக்கொண்டிருந்தது. என்ஜினை அவன் அணைக்கவில்லை. அணைத்தால் திரும்பக் கிளம்புமா என்பதில் அன்றைக்கே சந்தேகம் இருந்தது.

பிரிட்டிஷ் கார். சிப்காட்டில் பெரிய அதிகாரியாக இருந்த யாரோ ஒருவர் வைத்திருந்து, ஊரைவிட்டுப் போகும்போது புரோக்கரிடம் தள்ளிவிட்டது. உள்ளே மரப்பலகை பதித்திருக்கும். சீட்டெல்லாம் தோல். அண்ணன் பைக்கை விற்றுவிட்டு இதை வாங்கினான். எங்கள் அம்மா மேரி காரை ஒரு சுற்று சுற்றி வந்து, துணி காயப்போட இடம் போச்சே என்று மட்டும் சொன்னாள்.

தினமும் காலையில் அண்ணன் என்னை கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் இறக்கிவிட்டு வேலைக்குப் போவான். நான் அங்கிருந்து ரயிலில் கல்லூரிக்குப் போக வேண்டும். ஆகவே அந்தக் காரின் நிரந்தரப் பயணியும் நான்தான், தள்ளுகிறவனும் நான்தான். அதன் வயிறு தரையோடு தரையாக இருக்கும். வேகத்தடை வந்தால் நான் இறங்கி நடக்க வேண்டும். கார் மூச்சைப் பிடித்துக்கொண்டு தாண்டும். பிறகு நான் ஏறிக்கொள்ள வேண்டும். ஒருநாள் மாடு மேய்க்கிற அம்மா ஒருத்தி நான் மூன்று முறை இறங்கி ஏறுவதைப் பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, வேண்டுதலா?" என்று கேட்டாள்.

ஊரில் எந்த மெக்கானிக்கும் அதைத் தொடவில்லை. ஒருவர் மட்டும் பானெட்டைத் திறந்து பார்த்தார். பார்த்துவிட்டு, செத்தவர் முகத்தை மூடுவது போல மெதுவாக மூடினார். இதற்கெல்லாம் கம்ப்யூட்டர் வேண்டும் என்றார்.

சிரிப்பதற்கு எனக்கு நிறைய இருந்தது. அண்ணனுக்கு இல்லை. ஆறு வருஷமாகக் கான்ட்ராக்டில் இருக்கிறவனுக்கு இந்த மாதம் கன்ஃபர்மேஷன் வர வேண்டும். அது வந்தால்தான் சர்ச்சில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கலாம் என்று, அவன் கட்டிக்கொள்ளப்போகிற சுகிர்தாவின் வீட்டில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். சுகிர்தாவும் அதே கம்பெனிதான், பேக்கிங் செக்‌ஷன். கார் தயவில் அண்ணனுக்கு இரண்டு லேட் விழுந்துவிட்டது. இன்னொன்று விழுந்தால் கன்ஃபர்மேஷன் அடுத்த வருஷம் என்று எச்.ஆரில் சொல்லிவிட்டார்கள்.

பேசாமல் பஸ்ஸில் போ என்று அம்மா சொன்னாள், நான் சொன்னேன், சுகிர்தா போனில் சொன்னாள். அவனால் முடியாது. அந்த பஸ்ஸில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு ஆள். லீவு போட்டால்கூட அந்த சீட் காலியாகத்தான் போகும். ஒருவன் பஸ்ஸை விட்டால் அவன் சீட் அடுத்த சீனியருக்கு. புதிதாக வருகிறவனுக்குப் பின் டயர் மேல் இருக்கிற சீட். அதில் உட்கார்ந்தால் முழங்கால் மோவாயை இடிக்கும். அண்ணன் தன் ஜன்னலோர சீட்டை அடுத்த சீனியரான ரகுவுக்குக் கைகுலுக்கிக் கொடுத்துவிட்டு வந்திருந்தான். திரும்பிப் போனால் டயர்தான்.

இந்த நிலைமையில் ஆயுத பூஜை வந்தது.

கம்பெனியில் மெஷின், பஸ், செக்யூரிட்டியின் சைக்கிள், எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். வண்டி யாருடையது, அவன் எந்த சாமியைக் கும்பிடுகிறவன் என்றெல்லாம் பார்ப்பதில்லை. அண்ணன் காரின் பம்பரில் முன்னும் பின்னும் சட்டைப் பொத்தான் மாதிரி வட்டங்கள் உண்டு. பக்கத்தில் ஏதாவது வந்தால் கத்துகிற சென்சார்கள். பார்த்தால் பொட்டு வைப்பதற்கென்றே செய்தது போல இருக்கும். வைத்துவிட்டார்கள், ஒன்றுவிடாமல், கெட்டியாக.

அன்று சாயங்காலம் கார் கத்திக்கொண்டே வீடு வந்தது. ஜனங்கள் நெருங்கி வந்து பார்க்கிறார்கள், அதனால்தான் கத்துகிறது என்றான் அண்ணன். லீவு முடிந்து கிளம்பிய காலையில், எளாவூர் தாண்டி, சுற்றிலும் ஒரு ஈ காக்கை இல்லாத சர்வீஸ் ரோட்டில் மெதுவாகப் போகும்போதும் கத்தியது. நாலு பக்கமும் எதிரிகள் சூழ்ந்துவிட்டதாக அது முடிவு செய்திருந்தது.

"சந்தனம்ணா," என்றேன்.

"வாய மூடிக்கினு வா."

கொஞ்ச தூரம் போனான். தாங்க முடியவில்லை. ஓரம் கட்டி என்ஜினை அணைத்தான். கத்தல் நின்றது. நான் இறங்கி என் தண்ணீர் பாட்டிலைக் காலி செய்து, காய்ந்துபோன சந்தனத்தை நகத்தால் சுரண்டினேன். எல்லாப் பொட்டும் போன பிறகு அண்ணன் ஸ்டார்ட் பட்டனை அழுத்தினான். திரையில் ஆங்கிலத்தில் ஏதோ மரியாதையாக வந்தது. அவ்வளவுதான். திரும்ப அழுத்தினான். மரியாதை மட்டும் குறையாமல் வந்துகொண்டிருந்தது.

கம்பெனி பஸ் எங்களைத் தாண்டிப் போய், பிரேக் போட்டு நின்றது. டிரைவர் சுப்பிரமணி வழியில் யாருக்கும் நிறுத்துகிறவர் இல்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"இன்னா பென்னி சார், லண்டனுக்கு இன்னும் எவ்ளோ தூரம் கீது?"

பஸ் மொத்தமும் சிரித்தது. அண்ணன் பானெட்டைத் திறந்து உள்ளே தலையை விட்டுக்கொண்டான். உள்ளே என்ன இருக்கிறது என்று அவனுக்கும் தெரியாது. முகத்துக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது.

அப்போது சுகிர்தா பஸ்ஸின் படிக்கட்டில் வந்து நின்றாள்.

"பென்னி, நீ ஏர்றியா, நான் எறங்கிக்கட்டா? எனுக்கு ஒண்ணும் இல்ல. ரெண்டு பேருமே லேட்டா போலாம்."

அவள் குரலை உயர்த்தவில்லை. பஸ்ஸில் சிரிப்பு நின்றுவிட்டது. சுப்பிரமணி, கேட்டை மூடிவிடுவார்கள், சீக்கிரம் முடிவு பண்ணுங்கள் என்று ஸ்டியரிங்கைப் பார்த்தபடி சொன்னார்.

அவள் ஒரு காலைக் கீழே வைத்தாள். நிஜமாகவே இறங்கப் போகிறாள் என்று எனக்கே தெரிந்தது.

அண்ணன் பானெட்டைச் சாத்தினான். முன் சீட்டிலிருந்து டிபன் பையை எடுத்தான். சாவியை என் கையில் வைத்து, காருக்குப் பக்கத்திலேயே இரு என்றான். அன்றைக்கு எனக்கு இன்டர்னல் தேர்வு இருந்தது. அதை அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அவன் ஏறியதும் ரகு பாதி எழுந்தான். அண்ணன் அவன் தோளை அமுக்கி உட்காரவைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் பின்னால் போனான். டயர் மேல் இருந்த சீட்டில் உட்கார்ந்து, முழங்காலை மடக்கி, பையை மடியில் வைத்துக்கொண்டான்.