ஒரே கோட்டில் இரண்டு சாட்சிகள்

ஆராய்ச்சி ராக்கெட் மேலே போனபோது எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று தெரியாமல் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். சுழற்சியை அளக்கும் கருவி கிளம்பிய அதிர்ச்சியிலேயே செத்துவிட்டது. மிஞ்சியவை இரண்டு உணரிகள். ஒன்று சூரியன் இருக்கும் திசையைக் காட்டும், மற்றது பூமியின் காந்தப்புலத்தின் திசையை. இரண்டும் வேறு வேறு திசையாக இருந்தால் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் மேகம் விலகக் காத்திருந்து தாமதமாக ஏவியதில், சூரியனும் காந்தப்புலமும் ஏறக்குறைய ஒரே கோட்டில் வந்துவிட்டன. அந்தக் கோட்டைச் சுற்றி ராக்கெட் எப்படிப் புரண்டிருந்தாலும் இரண்டும் அதே எண்களைத்தான் தரும்.

"ரெண்டும் ஒத்துப்போகுதே, அப்புறம் என்ன?" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

"அதான் சார் பிரச்சனையே."

போன வாரம் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தார். எழுந்து நடக்கிறேன் என்கிறார். நடக்கிறார் என்று அம்மாவும் சொல்கிறாள், அதே வார்த்தைகளில். நம்பி இங்கேயே இருந்து அடுத்த ஏவுதலை முடிப்பதா, இன்றைக்கே ஊருக்குப் பஸ் ஏறுவதா என்று புரியவில்லை. வீடியோவில் அழைத்தேன். அப்பாவின் முகம் திரையில் நேராக நின்றது.

"என்ன ராக்கெட்டு, உன் ராக்கெட்டு எங்க போச்சாம்?" இந்த வேலையில் சேர்ந்ததிலிருந்து அப்பா என்னைக் கூப்பிடுவதே அப்படித்தான்.

"போச்சுப்பா. எப்படிப் போச்சுன்னுதான் தெரியல. நீங்க நடக்குறீங்களா?"

"இப்பதான் தெருமுனை வரைக்கும் போய்ட்டு வந்து உக்காந்தேன்."

அவருக்குப் பின்னால், மேலிருந்து தொங்கும் பல்பின் ஒயர் தெரிந்தது. அது திரையில் இடமிருந்து வலமாகப் படுத்துக் கிடந்தது. போன் சாய்ந்திருக்கிறது என்று நினைத்தேன். போன் மட்டும் சாய்ந்தால் முகமும் அல்லவா சாய வேண்டும்? விழுந்துகொண்டிருக்கும் ராக்கெட்டுக்குக் கீழ் எது என்று தெரியாது. அந்த ஒயருக்குத் தெரியும். ஒருவேளை சும்மா படுத்திருக்கிறாரோ? சும்மா படுத்திருப்பவர் உட்கார்ந்திருப்பதாக ஏன் சொல்ல வேண்டும்?

அம்மா முகத்தை நுழைத்தாள். "நல்லா நடக்குறாருடி. நான் என்ன பொய்யா சொல்றேன்?"

அவள் முகமும் நேராகத்தான் இருந்தது. காதிலிருந்த தொங்கட்டான் மட்டும் கன்னத்தின் குறுக்கே, மூக்கைப் பார்த்துக் கிடந்தது. அவளும் அவர் பக்கமாகத் தலையைச் சாய்த்திருக்கிறாள்.

"அம்மா, நீ…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.

"என்னடி?"

"ஒண்ணுமில்ல."

என் போனைப் பக்கவாட்டில் திருப்பினேன். ஒயர் நேராகத் தொங்கியது. இரண்டு முகங்களும் படுத்துக்கொண்டன. மேசையில் கன்னத்தை வைத்து நானும் சாய்ந்தேன். மறுபடியும் இருவரும் நேரானார்கள்.

அப்பா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "ஏன் ராக்கெட்டு, உன் பின்னாடி ஜன்னல் படுத்திருக்கு?"

அங்கே காற்று வந்திருக்க வேண்டும். ஒயர் மெல்ல ஆடத் தொடங்கியது, குறுக்கே படுத்தபடியே.