மச்சான் வாயில் பூசிய நுரை

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. என் இரண்டு கண்கள்மீதும் ஆணை. புரை எடுத்த வலது கண்மீது கூடுதலாக இன்னொரு ஆணை. காலமெல்லாம் பூட்டு ரிப்பேர் செய்து வாழ்ந்தவன் நான். ஊரார் வீட்டுச் சாவியெல்லாம் கையில் புரண்டும் ஒரு வீட்டுக்குள்ளும் தப்பாகக் கால் வைக்காதவன், உங்களிடம் வந்தா பொய் சொல்லப் போகிறேன்?

என் மனைவியின் தம்பி, அதாவது என் மச்சான், முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறான். ஒரே அறை, ஒரே கண்ணாடி, ஒரே நாற்காலி. காலால் மிதித்தால் ஏறி இறங்கும் வகை. ஒரு சனிக்கிழமை காலையில் அதன் பம்ப் உயிரை விட்டது. உட்கார்ந்திருந்தவர் தபால்காரர். நாற்காலி மெல்ல இறங்க இறங்க மச்சான் குனிந்தான், மண்டியிட்டான், கடைசியில் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு கிருதாவை முடித்தான். அத்தனை பள்ளத்திலிருந்து பார்த்தால் கண்ணாடியில் முகம் தெரியவில்லை. அதனால் முடி வெட்டியதையே தபால்காரர் நம்பாமல் போனார்.

எதிர்ச்சாரியில் மூன்று நாற்காலிகளோடு ஒரு புதுக் கடைக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த சனிக்கிழமை திறப்பு. அதற்குள் நாற்காலி எழாவிட்டால் மச்சானின் பிழைப்பு எழாது.

“என் தம்பி கடை மூடாது. என் கார்டுல இருந்து ஒரு காசும் திருட்டுப் போகாது. ரெண்டும் நடக்கும்,” என்றாள் என் மனைவி. சொல்லிவிட்டுக் கைத்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். அந்தத் துண்டு தோளில் ஏறிவிட்டால் எதிரே வருகிற லாரிகூட ஓரம் கட்டும்.

அந்தப் பழைய பம்ப் உள்ளூர்க் கடை எதிலும் இல்லை. இணையத்தில்தான் வாங்க வேண்டும். மச்சான் அதற்குள் ஒரு தளத்தைப் பிடித்திருந்தான். பாதி விலை. திரையில் ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. தன் பெயர், போன் நம்பர் எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு, கார்டுக்காக ஓடி வந்தான்.

“அக்கா, சீக்கிரம்! இன்னும் கொஞ்ச நேரந்தான் இருக்காம்.”

“யாருக்குடா? அவனுக்கா, நமக்கா?”

நான் எட்டிப் பார்த்தேன். தளத்தின் முகவரிக்குப் பக்கத்தில் குட்டியாக ஒரு பூட்டுப் படம். தொழில் பாசம் பொங்கிவிட்டது. “பூட்டெல்லாம் போட்டிருக்கான்மா. நல்ல கடைதான்.”

“ஏங்க, திருடன் வீட்டுக்கு நீங்க பூட்டு மாட்டினதே இல்லையா?”

மாட்டியிருக்கிறேன். பேரம் பேசாத வாடிக்கையாளர்கள் அவர்கள். தளத்துக்கு நாம் அனுப்புவதை வழியில் யாரும் எட்டிப் பார்க்க முடியாது, அவ்வளவுதான் அந்தப் பூட்டின் உத்தரவாதம். உள்ளே உட்கார்ந்திருப்பவன் யோக்கியனா என்று அது சொல்லாது. அந்தக் கடையின் விலாசத்தை அவள் வரைபடத்தில் தேடினாள். ஒரு ஏரியின் நட்டநடுவில் இருந்தது.

“மீனுக்கு முடி வெட்டறானா?” என்று கேட்டு அந்தப் பக்கத்தை மூடினாள். “நாற்காலிக்கு அடியில கம்பெனித் தகடு இருக்கும். போய்ப் படிடா.”

மூவரும் கடைக்குப் போனோம். மச்சான் மறுபடி தரையில் படுத்தான். ஒட்டியிருந்த முடியைத் துடைத்து, தகட்டில் இருந்த இணைய முகவரியை ஒவ்வொரு எழுத்தாகக் கத்தினான். அவள் தன் கையாலேயே தட்டினாள். தளம் வந்தது. முழு விலை. கடிகாரம் எதுவும் ஓடவில்லை.

“பக்கத்துக் கடை வைஃபை ஓசியில கிடைக்குதுக்கா.”

“ஓசி வண்டியில என் கார்டு ஏறாது.”

முதலில் வங்கிச் செயலியைத் திறந்து, பம்ப் விலைக்கு மேல் ஒரு காசும் போகாதபடி கார்டின் வரம்பை இறக்கினாள். கார்டின் பின்னால் இருந்த மூன்று இலக்க ரகசிய எண்ணை அவள் எப்போதோ மனப்பாடம் செய்துகொண்டு, மச்சானின் சவரக்கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டாள். தூக்கத்தில் உளறிவிடக் கூடாதே என்று அன்றிலிருந்து உதட்டைக் கடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள். கார்டு எண்ணைத் தட்டும் முன் எங்கள் இருவரையும் சுவர்ப்பக்கம் திருப்பி நிறுத்தினாள். சுவரில் ஒரு பல்லி இருந்தது. அதை ஒரு பார்வை பார்த்தாள், அதுவும் திரும்பிக்கொண்டது.

‘கார்டு விவரத்தைச் சேமிக்கவா?’ என்று தளம் கேட்டது. “உனக்கெதுக்கு அந்தச் சிரமம்?” என்று மறுத்துவிட்டாள்.

அவள் போனில் ஓடிபி வந்தது. அதே நேரம் மச்சானின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டான்.

“சார், வங்கியில இருந்து பேசறோம். உங்க நாற்காலி பம்ப் ஆர்டர் மாட்டிக்கிச்சு. கார்டு நம்பரையும், வந்திருக்கற ஓடிபியையும் சொன்னீங்கன்னா விட்டுடலாம். இல்லேன்னா கேன்சல்தான். அப்புறம் பம்ப் வர ஒரு மாசம் ஆகும்.”

ஏரிக் கடையில் போன் நம்பரை நிரப்பியதன் பலன். மச்சான் முகம் வெளுத்தது. எதிர்க் கடைப் பெயிண்ட் வாசனை உள்ளே வந்தது. “அக்கா, சொல்லிடுக்கா! கடை போயிடும்!” அவன் கண் அக்காவின் திரைக்குத் தாவியது, வாய் திறந்தது. கத்திரி நின்றாலும் நிற்காத வாய் அது.

என் மனைவி ஷேவிங் பிரஷை எடுத்தாள். கிண்ணத்தில் ஒரு சுழற்று. மூக்கிலிருந்து தாடைவரை ஒரே பூச்சு. மச்சான் சொன்ன முதல் இலக்கம் நுரைக் குமிழியாகக் கிளம்பி, அறையை ஒரு சுற்றுச் சுற்றி, கண்ணாடியில் மோதி உடைந்தது. அது எந்த இலக்கம் என்று யாருக்கும் கேட்கவில்லை.

“எந்த வங்கிப்பா?” என்றாள் போனைப் பார்த்து.

“உங்க வங்கிதான் மேடம்.”

“எங்க வங்கி எது?”

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. “எல்லா வங்கிக்கும் நான்தான் மேடம் பேசறேன்.”

“அடப் பாவமே, அவ்வளவு வேலையா? போய்ச் சாப்பிடு. கார்டுக்குப் பின்னாடி வங்கி நம்பர் இருக்கு, நானே கூப்பிட்டுக் கேட்டுக்கறேன்.”

ஆனால் அவள் சுரண்டிய வேகத்தில் வங்கி நம்பரின் கடைசி இலக்கமும் போயிருந்தது. நான்தான் தேய்ந்த சாவியைத் தடவுவதுபோல் நகத்தால் தடவி, எட்டு என்று கண்டுபிடித்தேன். வங்கிப் பெண் சொன்னாள்: “ஓடிபியை நாங்க கேக்கவே மாட்டோம்மா. யார் கேட்டாலும் சொல்லாதீங்க.”

இதற்குள் பழைய ஓடிபி காலாவதியாகிவிட்டது. புதிதாக வரவழைத்தாள். அதையும் உடனே தட்டவில்லை. செய்தியில் இருந்த தொகையைத் தளத்தில் போட்டிருந்த விலையோடு ஒப்பிட்டாள். கடைப் பெயர் சரியா என்று பார்க்க, நுரை முகத்தோடு மச்சானை மறுபடி தகட்டுக்கு அனுப்பினாள். சரியாக இருந்தது. தட்டினாள்.

வெள்ளிக்கிழமை பம்ப் வந்தது. மாட்டியதும் தபால்காரரைக் கூப்பிட்டு உட்காரவைத்து மச்சான் ஒரு மிதி மிதித்தான். அவர் நேராகக் கூரைக்குப் போய்ப் பல்லியிடம் நலம் விசாரித்துவிட்டு இறங்கினார். சனிக்கிழமை எதிர்க் கடையைத் திறந்த முதலாளி, திறந்த கையோடு முடி வெட்டிக்கொள்ள எங்களிடம்தான் வந்தார்.

நம்பாதவர்கள் மச்சானின் கடைக்கே போய்ப் பார்க்கலாம். அன்றும் இன்றும் அங்கே இருப்பது நான்கு கால் மர நாற்காலி.