டிபிலிசியில் நாலு மணி

...இல்லை, அவசரமில்லை, இன்னும் நேரம் இருக்கிறது, டாக்டர் ஐந்தரைக்குத்தான், நாலரைக்கு இந்த மீட்டிங் முடிந்தால் முகம் கழுவி, கசங்காத குர்தா ஒன்றைத் தேடிப் போட்டுக்கொண்டு ஐந்து மணிக்கு வேதாவோடு படியிறங்கிவிடலாம், பாலத்தில் நெரிசல் இருந்தாலும் தில்லைநகர் போக அரை மணி போதும், லின்சி என்னமோ கேட்கிறாள், ஆமாம் லின்சி, அந்தப் பக்கத்தை நாளைக்குள் எழுதி முடித்துவிடுகிறேன், மறுபடி மைக்கை அணைத்தேன். லின்சி என் டீம் லீட், கொச்சியில் இருக்கிறாள், தினமும் திரையில் பார்த்துக்கொள்கிறோம், நேரில் ஒருநாளும் பார்த்ததில்லை. எனக்குப் பின்னால் அவளுக்குத் தெரிவது கம்பெனி கொடுத்த வெள்ளைச் சுவர்ப் படம், கோவாவிலிருந்து பேசினாலும் அதே சுவர், ஜார்ஜியாவிலிருந்து பேசினாலும் அதே சுவர், இப்போது ஸ்ரீரங்கத்தில் கீழச் சித்திரை வீதியில் வேதவதியின் மாடி அறையில் உட்கார்ந்திருக்கிறேன், அதே சுவர். நிஜத்தில் என் முதுகுக்குப் பின்னால் இருப்பது கொடியில் வேதாவின் துணிகள், அவள் திருத்தாமல் வைத்திருக்கும் பத்தாம் வகுப்புக் கணக்குப் பேப்பர்கள், நான் வந்த அன்று எனக்காகப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்த மேஜை விசிறி... திருத்தாமல் வைத்திருக்கிறாளே, வேதா பேப்பரை அப்படிப் போட்டு வைக்கிறவள் இல்லையே, அன்றைக்கு வந்ததை அன்றைக்கே முடித்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவாள், பயந்து போயிருக்கிறாள், காட்டிக்கொள்ளவில்லை.

போன வாரம் அவள் கூப்பிட்டபோது நான் ஜார்ஜியாவில், டிபிலிசியில் ஒரு காபிக்கடை வாசலில் இருந்தேன், குளிரில் விரல் மரத்துப் போயிருந்தது, இடது மார்பில் கட்டி மாதிரி ஒன்று தட்டுப்பட்டது, ஊசி வைத்து எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று ஸ்கூல் செய்தி சொல்வதுபோல சொன்னாள், "வியாழக்கிழமை ரிசல்ட் வாங்கிக்க நாலு மணிக்கு வரச் சொல்லியிருக்கா. பயமெல்லாம் இல்லடி வைஷு, சொல்றச்சே பக்கத்துல யாராவது இருந்தா தேவலைன்னு தோணித்து, அவ்வளவுதான்." அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே போன் காலண்டரில் போட்டேன், வியாழன், வேதாவோடு ஆஸ்பத்திரி. போட்டுட்டேன் வேதா, வந்துடறேன் என்றேன், அன்றைக்கே டிக்கெட்டும் எடுத்தேன், பெருமையாகக்கூட இருந்தது. காலேஜ் முதல் வருஷத்திலிருந்து தெரியும், என்னிடம் அவள் எதுவும் கேட்டதே இல்லை. நான் கேட்டதற்குத்தான் கணக்கு வழக்கில்லை, அப்பா போன பிறகு மண்ணச்சநல்லூர் வீட்டைக் கொடுத்துவிட்டு ஊர் ஊராகக் கிளம்பினேனே, என் ஆதார் கார்டில் இருப்பது இவள் முகவரி, குளிர்கால உடுப்பெல்லாம் இவள் பீரோவில், பேங்கிலிருந்து எது வந்தாலும் பிரித்துப் படமெடுத்து அனுப்புவது இவள். எனக்கு வீடு கிடையாது, வாடகை கிடையாது, எங்கே வேண்டுமானாலும் இருப்பேன் என்று புதிதாகப் பார்ப்பவர்களிடம் பீற்றிக்கொள்வேன், இப்படி ஒருத்தி ஒரே இடத்தில் அசையாமல் இருப்பதால்தான் நான் அலைய முடிகிறது என்பதைச் சொல்வதில்லை, யாரும் கேட்பதும் இல்லை. வந்து மூன்று நாளாகிறது, உட்கார்ந்து பேசினோமா, காலையில் அவள் ஸ்கூலுக்குப் போய்விடுகிறாள், அவள் வரும்போது நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டிருக்கிறேன், மேஜையில் காபியை வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போகிறாள்.

கொஞ்சம் முன்னால்கூட வந்து நின்றாள், கதவோரமாக, நீலப் புள்ளி போட்ட காட்டன் புடவை, தோளில் பை. நான் அப்போது பேசிக்கொண்டிருந்தேன், ஆப்பின் புதுப் பதிப்பில் எந்த உதவிப் பக்கத்தையெல்லாம் மாற்ற வேண்டும் என்று எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தேன், அவள் புருவத்தை உயர்த்தினாள், நான் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினேன், அஞ்சு நிமிஷம். சரி என்று தலையாட்டினாள், சிரித்தாள், அப்படியே கொஞ்ச நேரம் நின்றாள், அப்புறம் பார்த்தபோது இல்லை. பால் வாங்கப் போயிருப்பாள், இல்லையென்றால் தாயார் சன்னிதிக்கு ஒரு நடை போய் வருவாள், இன்றைக்குப் போகாமல் இருப்பாளா. லின்சி நன்றி சொல்கிறாள், எல்லோரும் கையாட்டுகிறார்கள், நானும் ஆட்டினேன், மேஜையில் காபி ஆடை கட்டி ஆறிப்போயிருந்தது, எப்போது கொண்டுவந்து வைத்தாள், கவனிக்கவே இல்லையே... கீழே இறங்கினேன், வேதா, வேதா, சமையலறையில் இல்லை, கொல்லையில் இல்லை, வாசல் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. நடையில் அவள் செருப்பு இல்லை. ஃபிரிட்ஜ் மேல் மூன்று நாளாக இருந்த ஆஸ்பத்திரி ஃபைலும் இல்லை, அந்த இடம் காலியாக இருந்ததைப் பார்த்ததும் போன் செய்தேன்.

"முடிஞ்சுடுத்துடி. சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வாசல்ல டீ சாப்பிட நிறுத்தியிருக்கோம், வந்துடுவேன்" என்றாள். எது முடிந்தது, ஐந்தரைக்குத்தானே என்றேன், "நாலு மணின்னுதானே சொன்னேன்" என்றாள், கோபமே இல்லாமல், ஸ்கூலில் ஒரு பிள்ளைக்குத் தப்பைக் காட்டுகிற குரலில். அங்கேயே இரு, வரேன், அங்கேயே இரு, ஓடினேன், லாப்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் ஓடினேன், அதை மட்டும் மறக்கவில்லை பாருங்கள். ஒண்ணாம் நம்பர் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது, கண்டக்டர் பெண்களுக்கான காசில்லாத டிக்கெட்டைக் கிழித்துக் கையில் திணித்தார், ஜன்னலோரம் உட்கார்ந்து போனைத் திறந்தேன், வியாழன், ஐந்தரை, வேதாவோடு ஆஸ்பத்திரி. நாலு என்றுதானே அடித்தேன், என் விரல்தானே அடித்தது... அடித்தது டிபிலிசியில். அங்கே கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். நாலு மணி என்றால் டிபிலிசி நாலு மணி என்று போன் எடுத்துக்கொண்டது, நான் இந்தியாவில் வந்து இறங்கியதும் யாரையும் கேட்காமல் பணிவாக ஐந்தரை ஆக்கி வைத்தது. காலையில் அதைப் பார்த்துவிட்டுத்தான் ஐந்தரை, ஐந்தரை என்று சொல்லிக்கொண்டிருந்தேன், அவள் வாயால் சொன்ன நாலு எனக்கு நினைவிலேயே இல்லை, போனில் போட்டாச்சு என்றால் மனசிலிருந்து எடுத்தாச்சு, அப்படித்தானே பழகியிருக்கிறேன். பயணத்தின்போது உங்கள் நிகழ்வுகள் உள்ளூர் நேரத்துக்குத் தானாகவே மாறிக்கொள்ளும், நீங்கள் எதுவும் செய்யத் தேவையில்லை, போன வருஷம் ஓர் உதவிப் பக்கத்தில் இதை எழுதியது நான்தான், லின்சி பாராட்டினாள். சிரிப்பு வருகிறதா அழுகை வருகிறதா என்று தெரியவில்லை, பக்கத்து சீட்டு அம்மா திரும்பிப் பார்த்தாள், அழுகைதான். காவிரியில் தண்ணீர் குறைவாக இருந்தது, மணல் திட்டில் நாலைந்து பேர் துணி காயப்போட்டிருந்தார்கள், போன் துடித்தது, வேதாவோ என்று பதறிப் பார்த்தால் லின்சி, மூன்றாவது பக்கத்தில் ஒரு சின்னத் திருத்தம், இன்றைக்கே முடியுமா, அந்த நேரத்திலும் என் கட்டைவிரல் போய்க் கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டது, நான் அனுப்பவில்லை, அதுவாக அனுப்பியது, யாரிடம் சொல்லி நம்பவைப்பேன்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே டீக்கடை ஓரமாக ஆட்டோ நின்றது, அதற்குள் வேதா பேப்பர் கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், ஃபைல் மடியில். "மீட்டிங் நன்னா போச்சா?" என்றாள், அடிப்பாவி, இதையா முதலில் கேட்பாய், பக்கத்தில் ஏறி உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தேன், கப் சூடாக இருந்தது, கை சில்லென்று இருந்தது. "அதுதானாம். ஆபரேஷன் பண்ணணுமாம், அப்புறம் கீமோ. சீக்கிரமே வந்துட்டேள், பயப்படாதீங்கோன்னார்" என்றாள், உதடு மட்டும் கொஞ்சம் கோணியது, உடனே சரிசெய்துகொண்டாள். "உள்ள போனதும் கூட யாரும் வரலையான்னு கேட்டார். ரசூல் அண்ணா வெளியில உட்கார்ந்திருந்தார், அவர்தான் எழுந்து வந்து நின்னுண்டார்." ரசூல் அண்ணன் ஆட்டோக்காரர், அவளை ஸ்கூலுக்குக் கொண்டுவிடுகிறவர், டீக்கடைக்காரரிடம் சில்லறை வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் பார்த்து நின்றார், என்னைப் பார்க்க அவருக்குச் சங்கடமாக இருந்திருக்க வேண்டும். அந்தச் சொல்லைக் கேட்கும்போது அவள் பக்கத்தில் நின்றது இவர், நான் நிற்க வேண்டிய இடம் அது, அதற்காகத்தான் இத்தனை தூரம் பறந்து வந்தேன், மாடியில் இருந்தேன், ஒரே வீட்டில் இருந்தேன்... டிபிலிசி கதையைச் சொன்னேன், உளறிக்கொட்டினேன், ஒன்றரை மணி, போன், தானாக மாறிவிட்டது, அவள் பொறுமையாகக் கேட்டாள். இனிமே எல்லாத்துக்கும் நான் இருக்கேன் வேதா, ஆபரேஷனுக்கு இருக்கேன், கீமோவுக்கு ஒவ்வொரு தடவையும் இருக்கேன், எங்கேயும் போகலை, நேரத்தை மட்டும் சொல்லு என்றேன். "எந்த ஊர் நேரம் சொல்லட்டும்?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன், சிரிக்காமல் என்ன செய்வது, ஆனால் அவள் பதிலுக்குத் தேதி எதுவும் சொல்லவில்லை.

ஆட்டோ கிளம்பிப் பாலத்தில் ஏறியது, வெயில் தாழ்ந்திருந்தது, எதிரே கோபுரம் தெரிந்ததும் வேதா பழக்கத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டாள், கண்ணை மூடியவள் கொஞ்ச நேரம் திறக்கவில்லை, நான் ஃபைலை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன், அதையாவது செய்வோமே. ரசூல் அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார், எனக்கு ஆறுதல் சொல்லவேண்டும் என்று தோன்றியிருக்கிறது, "நீங்க மனசுல வெச்சுக்காதீங்கம்மா. டீச்சர் நேத்துக் காலையிலயே சொல்லிட்டாங்க, வெயிட்டிங்ல நின்னு கூட்டிட்டு வரணும், உள்ளயும் வரவேண்டியிருக்கும்னு. அதனால ஒண்ணும் கஷ்டமில்ல" என்றார். நேற்றுக் காலையிலா. நேற்றுக் காலையில் நான் எந்தத் தப்பும் செய்திருக்கவில்லையே, நேற்று நான் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தேன், இன்றைக்கு அவளோடு போகப்போகிறவளாகத்தான் இருந்தேன்... அப்படியென்றால் கதவோரம் வந்து நின்றாளே, அது கூப்பிட வந்ததா, சொல்லிக்கொண்டு போக வந்ததா. வேதாவைப் பார்த்தேன், கண்ணை மூடியபடியே இருந்தாள், கேட்கலாம், இப்போது கேட்டால் சொல்லிவிடுவாள், பொய் சொல்லத் தெரியாது அவளுக்கு, அதனாலேயே கேட்க வாய் வரவில்லை. அப்போது என் பைக்குள் போன் கிணுகிணுத்தது, வேதா கண்ணைத் திறக்காமலே, "யாரோ கூப்பிடறா பாரு, முக்கியமா இருக்கப்போறது" என்றாள். எடுத்துப் பார்த்தேன், யாரும் கூப்பிடவில்லை, ஐந்தரைக்கு நினைவூட்டல், வேதாவோடு ஆஸ்பத்திரி, கீழே இரண்டே பொத்தான்கள், முடிந்தது, தள்ளிப்போடு, என் விரல் யோசிக்கக்கூட இல்லை, நேராக இரண்டாவதன்மேல் போய் நின்றது.