நூற்று இருபத்தேழாம் எண் போர்வை

நான் வேலை பார்க்கும் சலவைக் கடையில் நோட்டைப் பரணில் ஏற்றிவிட்டுக் கம்ப்யூட்டர் வைத்த முதல் நாள் அது. நிரல் எழுதியது என் அண்ணன். இன்று ஒழுங்காக ஓடினால் மற்ற இரண்டு கிளைகளுக்கும் அவனே எழுதலாம், இல்லாவிட்டால் பழையபடி நோட்டுதான் என்று முதலாளியம்மா காலையிலேயே சொல்லிவிட்டார். அண்ணன் இரண்டு முறை சட்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தான்.

வாடிக்கையாளரின் எண்ணை அடித்தால், இஸ்திரி முடிந்து கம்பியில் தொங்குபவற்றின் பட்டியலில் தேடி, தயார் அல்லது தயாரில்லை என்று திரை சொல்லும். அவ்வளவுதான்.

பத்து மணிக்கு முடிதிருத்தும் கடைக்காரர் வந்தார். எண் பன்னிரண்டு. திரை தயார் என்றது. அவருடைய துண்டுகளோ இன்னும் ஈரமாகக் கிடந்தன.

"அதுக்கு என்மேல பாசம். வெறுங்கையோட அனுப்ப மனசில்ல" என்றார். சாயங்காலம் வருவதாகச் சொல்லிப் போனார்.

பதினொன்றரைக்கு நர்ஸ் வந்தார். எங்களுக்கு சிஸ்டர். எண் ஏழு. பன்னிரண்டுக்கு டூட்டி. காலையில் போனில் கேட்டபோது முதலாளியம்மா திரையைப் பார்த்துத்தான் தயார் என்று சொல்லியிருந்தார். யூனிபார்ம் கூடையில் கசங்கிக் கிடந்தது.

"ஏன் தம்பி, இது தானா பொய் சொல்லுதா, நீ சொல்லிக்குடுத்தியா?" என்றார் முதலாளியம்மா.

"வீட்ல நூறு தடவ பார்த்தேம்மா. ஒரு தப்புகூட வரல."

"அப்ப வீட்டுக்கே எடுத்துட்டுப் போயிடு."

அண்ணனின் காது சிவந்துவிட்டது. சிஸ்டரை ஐந்து நிமிடம் உட்காரச் சொல்லிவிட்டு நான் யூனிபார்மை மேசையில் விரித்தேன். காலையில் வெகுநேரம் மின்சாரம் இல்லை; கம்ப்யூட்டர் மட்டும் பேட்டரியில் ஓடியது. அதனால் கம்பியில் தொங்கியது நேற்றே முடித்த ஒரே ஒரு போர்வைதான். தேய்த்துக்கொண்டே அதன் சீட்டைப் பார்த்தேன். 127. முன்னால் பன்னிரண்டு இருந்தது. பின்னால் ஏழு இருந்தது.

சிஸ்டரிடம் சூடாறாத யூனிபார்மைக் கொடுத்துவிட்டுப் போய் 2 அடித்தேன். தயார். 27. அதுவும் தயார். 5 அடித்தேன். தயாரில்லை.

நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. அண்ணனின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன்.

"வீட்ல எந்தச் சீட்டை வச்சுப் பார்த்த?"

"நீ கொண்டுவந்ததுதான்."

நான் கொண்டுபோனது புது வாடிக்கையாளர்களின் காகிதச் சீட்டுகள். எல்லாமே மூன்று இலக்கம். ஒன்றுக்குள் இன்னொன்று அடங்காது. பழையவர்களின் சின்ன எண்களை நாங்கள் துணியிலேயே தைத்துவிடுவோம். அவற்றுக்குச் சீட்டே கிடையாது.

போர்வையைக் காட்டினேன். அண்ணன் சீட்டில் இருந்த ஏழின் மேல் விரலை வைத்தான்.

"உள்ள எங்கயாவது ஏழு இருக்கான்னு தேடச் சொல்லிட்டேன். முதல்லேருந்து கடைசி வரைக்கும் அதேதானான்னு பார்க்கச் சொல்லியிருக்கணும்."

ஒரு வரியைத்தான் மாற்றினான். முதலாளியம்மா 12 அடித்தார். தயாரில்லை. 127 அடித்தார். தயார். மறுபடி 12. தயாரில்லை. இல்லை என்ற பதிலுக்கு அவர் முகம் மலர்ந்து அன்றுதான் பார்த்தேன்.

"மத்த கடைக்குப் போறப்ப தங்கச்சியையும் கூட்டிட்டுப் போ" என்றார் அண்ணனிடம். "நீ எழுது, அவ பார்க்கட்டும்."

சாயங்காலம் முடிதிருத்துபவர் வந்து திரையை எட்டிப் பார்த்தார். தயார் என்றது.

"காலையிலயும் இதையேதான் சொல்லுச்சு" என்றார்.

மடித்த துண்டுகளை அவர் கையில் வைத்தேன்.